கலக்காத பச்சை

மாடல் வண்டி செய்கிறவர்களின் கிளப்பில் அந்தப் பச்சைக்கு 'டிரைவர் பச்சை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டிரைவர் என்பது அவளுடைய சித்தப்பா. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஓட்டிய பஸ் ஒவ்வொன்றையும் ஒரு சாண் நீளத்தில் மரத்திலும் தகட்டிலும் மாடலாகச் செய்து பச்சை அடிப்பது பன்னிரண்டு வருடப் பழக்கம். இதுவரை ஆறு பஸ். ஆறும் அப்போதுதான் மழையில் நனைந்து டெப்போவுக்குள் நுழைந்த மாதிரி ஈரப் பளபளப்போடு நிற்கும். அதே கடையில் அதே பெயிண்ட் ஜாடியை வாங்கி அடித்துப் பார்த்த மற்றவர்களுக்கு வந்ததெல்லாம் காய்ந்துபோன பாசி நிறம்தான். ரகசியம் என்னவென்று கேட்டால் சித்தப்பா வலது கையை விரித்துக் காட்டுவார்.

"வேற ஒண்ணும் இல்லய்யா. கை."

இந்தக் கைக் கதையை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வேதியியல் படித்துவிட்டு ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எதற்கும் 'ஏன்' கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. மனதில் பட்டதை மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவாள் என்பதால், யார் வீட்டுக்காவது மரியாதைக்குப் போவதென்றால் அவளிடம் முகவரியையே சொல்ல மாட்டார்கள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கிளப்பில் உறுப்பினராக வேண்டும். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் சித்தப்பாவோடு போகிறாள். அங்கிருக்கும் பதினான்கு ஆண்களுக்கும் பிரஷ் கழுவித் தருகிறாள், டீ போட்டுத் தருகிறாள். பெயிண்ட் பீய்ச்சும் துப்பாக்கிப் பக்கம் கை போனால் மட்டும், "அதை மெம்பருங்கதாம்மா தொடலாம்" என்று ஒரு குரல் வரும். ஒவ்வொரு ஞாயிறும் வேறு வேறு குரல். யாரும் இல்லாத நாளில் அந்தத் துப்பாக்கியே சொல்லிவிடுமோ என்று அவளுக்குச் சந்தேகம்.

உறுப்பினராக விதி இதுதான்: பழைய உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும். விண்ணப்பிக்கிறவர், தான் வேலை செய்த மாடல் ஒன்றை மேசையில் வைத்து, எப்படிச் செய்தோம் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

ஏழாவது பஸ்ஸின் இடது பக்கத்தை முடித்திருந்த சித்தப்பா, வெள்ளிக்கிழமை காலையில் கண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "வலது பக்கத்தை நீ அடிச்சிடு. ஞாயித்துக்கிழமை அதையே உன் பேர்ல வெச்சிடலாம். நான் முன்மொழியறேன்."

அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஜாடியைத் திறந்தாள். மேலே எண்ணெய் மாதிரித் தெளிந்த பச்சை. குச்சியை விட்டால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேறு இறுகிக் கிடந்தது. இதற்கென்றே அவள் ஒரு சின்ன மிக்ஸர் வாங்கி வைத்திருந்தாள். பேனா பருமன்தான் இருக்கும். உள்ளே இரண்டு பேட்டரி, முன்னால் மெல்லிய கம்பி, கம்பி நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு துடுப்பு. கம்பியை முதலில் பெயிண்டுக்குள் முக்கிவிட்டு, பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் அப்படியே செய்தாள். அடியிலிருந்து வெளிறிய புகை போல ஏதோ கிளம்பி மேலே வந்தது. ஐந்து நிமிடத்தில் ஜாடி முழுக்க ஒரே சீராகக் கலந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்காக ஒரு பெயிண்டை இந்த வீட்டில் யாரும் கலக்கியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே வலது பக்கத்தை அடித்து முடித்தாள்.

அவள் நினைத்தது சரிதான்.

மத்தியானம் சித்தப்பா கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். பஸ்ஸைக் கையில் எடுத்து இடது பக்கம் பார்த்தார். திருப்பி வலது பக்கம் பார்த்தார். மறுபடி இடது பக்கம். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணுல சொட்டு மருந்து விட்டாங்க. அதான் எனக்கு இந்தப் பக்கம் வெளுத்துத் தெரியுது."

துணி மடித்துக்கொண்டிருந்த சித்தி எட்டிப் பார்த்தாள். "எனக்கு ஒரு மருந்தும் விடலையே. எனக்கும் வெளுத்துத்தான் தெரியுது."

வலது பக்கம் காய்ந்து, பளபளப்பு செத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிய இலை மாதிரி இருந்தது.

"என்னம்மா பண்ணின?"

"கலக்கினேன்."

"எதை?"

"பெயிண்டைத்தான்."

"உன்னை யாரு கலக்கச் சொன்னது?"

"ஜாடி சொல்லுது. 'நன்றாகக் கலக்கிய பின் உபயோகிக்கவும்'னு இவ்வளவு பெருசா போட்டிருக்கு பாருங்க."

சித்தப்பா ஜாடியை ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இதையெல்லாம் உக்காந்து யாரு படிப்பா?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. "சித்தப்பா, பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட நீங்க இதைக் கலக்கலையா?"

"பிரஷ்ஷ முக்குவேன், அடிப்பேன். குறைஞ்சா அதே சரக்குல இன்னொரு ஜாடி வாங்கி ஒரு வருஷம் போட்டு வெச்சிட்டு எடுப்பேன். பெயிண்டுன்னா ஊறணும்ல?"

"ஊறல, பிரிஞ்சு போச்சு. வெளுப்புக்குப் போடற பொடி, பளபளப்பை அடக்கப் போடற பொடி, எல்லாம் கனமா இருக்கறதால அடியில தங்கிடுச்சு. மேல மிதந்த தெளிவை மட்டும் எடுத்து நீங்க ஆறு பஸ்ஸுக்கு அடிச்சிருக்கீங்க. டிரைவர் பச்சைன்னு ஒரு பச்சையே கிடையாது."

"அப்ப என் கை?"

"கையில ஒரு குறையும் இல்ல. கலக்கத்தான் வரல."

சித்தியின் சிரிப்பு துணிக்குள் போய் ஒளிந்தது. சித்தப்பாவுக்குக் கோபம் வந்து, "இந்தச் சனியன்தானே எல்லாம் பண்ணுச்சு" என்று மிக்ஸரை ஜாடியில் முக்கிப் பொத்தானை அழுத்தினார். அழுத்தியது தப்பில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே தூக்கினார். துடுப்பு அரை நொடியில் பாரபட்சம் பார்க்காமல் பங்கு பிரித்தது. சுவருக்குக் கொஞ்சம், சித்தி மடித்த துணிக்குக் கொஞ்சம், சித்தப்பாவின் மீசைக்குக் கொஞ்சம்.

"அதை ஆஃப் பண்ணிட்டு எடுக்கணும்," என்றாள் அவள்.

"அதை முன்னாடி சொல்றதுக்கு என்ன?"

"அதுவும் அட்டைப் பெட்டியில எழுதியிருக்கு."

மீசையைத் துடைத்து முடித்த பிறகு சித்தப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமை அத்தனை பேரும் பாப்பாங்க. கிளப்புல அந்தப் பல் டாக்டர் இதுக்காகவே பூதக்கண்ணாடி கொண்டு வருவாரு. கலக்கினவ நீதானே, நீயே பிரிச்சுக் குடு. படிச்சவதானே?"

"அசையாம வெச்சா தானா பிரியும். ஆறு மாசம் ஆகும்."

"புது ஜாடி?"

"அதுவும் கடையிலேர்ந்து குலுங்கித்தான் வரும்."

ஆறு மாதம் காத்திருக்க அவளாலும் முடியாது. உறுப்பினர் கூட்டம் வருடத்துக்கு ஒன்றுதான். அடுத்த வருடம் வரைக்கும் பதினான்கு பேருடைய பிரஷ்ஷைக் கழுவ வேண்டும்.

சனிக்கிழமை காலை சித்தி துணி துவைக்கும்போதுதான் வழி கிடைத்தது. அவளுடைய பரிசோதனைக் கூடத்தில் குழாய்களை வேகமாகச் சுற்றி, தண்ணீரிலிருக்கும் கசடை அடிக்குத் தள்ளும் ஒரு மெஷின் உண்டு. சனிக்கிழமை கூடம் பூட்டியிருக்கும். ஆனால் இங்கே துணி பிழியும் தொட்டி அதே வேலையைத்தானே செய்கிறது?

"என் மெஷின்ல ஒரு சொட்டு பெயிண்ட் பட்டுது, உங்க ரெண்டு பேரையும் அதுலயே போட்டுப் பிழிஞ்சிடுவேன்," என்றாள் சித்தி. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

பெயிண்டை நான்கு சின்ன பாட்டில்களில் சம அளவாகப் பிரித்தாள். ஒரு பக்கம் கனத்தால் தொட்டி கோணிக்கொள்ளும் என்று சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தாள். மூடிக்கு டேப் சுற்றி, தொட்டியின் சுவரைப் பார்த்து அடிப்பாகம் இருக்கும்படி நாலு திசையில் படுக்கவைத்து, சித்தப்பாவின் பழைய காக்கிப் பேன்ட்டுகளைச் சுற்றித் திணித்தாள். சுவிட்சைத் திருகியதும் மெஷின் முதலில் முனகியது. பிறகு கோபித்துக்கொண்டு புறப்பட்டவர்கள் மாதிரி வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

"பிடிங்க, போகுது," என்று அவள் கத்த, சித்தப்பா முன்னால் போய் மறித்தார். சித்தி வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் வீதம் ஆறு தடவை. முழு அரை மணி நேரமும் சித்தியின் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவிலேயே கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் தான் பட்டதையெல்லாம் விட்டு விட்டு, நடுங்கும் குரலில் சொல்லி முடித்தாள்.

பாட்டில்களை எடுத்தபோது நாலிலும் அடியில் சேறு, மேலே தெளிந்த பச்சை. சொட்டுக் குழாயால் மேல் தெளிவை மட்டும் உறிஞ்சி எடுத்தாள். வெளுத்த பக்கத்தை, பெயிண்டைக் கரைக்கும் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதிதாக அடித்தாள். சாயங்காலம் காய்ந்ததும் இரண்டு பக்கமும் ஒன்றேபோல் இருந்தன. சித்தப்பா நெடுநேரம் பஸ்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று அவள் நினைத்தாள்.

"துணி மெஷின்ல வந்துடுச்சே," என்றார். குரல் அடிபட்ட மாதிரி இருந்தது. பிறகு, "பாப்பா, இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். அங்க கேட்டா சித்தப்பா கத்துக் குடுத்தாருன்னு சொல்லிடு."

"எனக்குப் பொய் வராது."

"பொய் வேணாம். வாயைத் திறக்காம இரு."

"அதுவும் வராது."

"எனக்காக ஒரு நாள் வரவெச்சுக்கயேன்." வாழ்க்கையில் சித்தப்பா அவளிடம் எதையும் கேட்டதில்லை. அவள் பிரஷ்ஷைக் கழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் கடை மாடியில் கூட்டம். தலைவர் பல் டாக்டர் பூதக்கண்ணாடியோடு பஸ்ஸைச் சுற்றி வந்தார். இந்தப் பச்சையைப் பிடிக்க ஆறு வருடமாகப் பதினேழு அட்டைகளில் அடித்துப் பார்த்துத் தோற்றவர் அவர்.

"வலது பக்கம் யாரு அடிச்சது?"

"நான்தான்."

டாக்டர் பூதக்கண்ணாடியை இறக்கினார். "எப்படிம்மா?"

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் மின்விசிறியை, ரிப்பேர் பார்க்க வந்தவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தெளிவு, கசடு, சுழற்சி வேகம் எல்லாம் அவள் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. சொன்னால் இந்த அறையே வாய் பிளக்கும். இன்றைக்கே உறுப்பினர். அந்த மனிதரின் கை நாளை முதல் வெறும் கை.

"சொல்ல மாட்டேன்," என்றாள்.

செயலாளரான தபால்காரர் மெதுவாகக் கனைத்தார். "சொல்லலேன்னா விண்ணப்ப பாரத்தை வாங்கிக்க விதியில்லயேம்மா."

"தெரியும். திருப்பிக் குடுத்துடுங்க." கையை நீட்டினாள்.

"அட, இதுல என்ன ரகசியம்," என்று டாக்டர் சிரித்தார். "ரெண்டு பக்கமும் டிரைவரே அடிச்சிட்டுப் பொண்ணு பேரைப் போட்டிருக்காரு. டீ போடற புள்ளைக்கு இந்தக் கை எங்கேர்ந்து வரும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நாற்காலி ஒன்று பின்னால் இழுபட்டது. சித்தப்பா எழுந்துவிட்டார்.

"டாக்டர், அவ பக்கத்தை நான் தொடவே இல்ல. அது அவ வேலை. என் பக்கம்தான் என் வேலை இல்ல. நான் பெயிண்டைக் கலக்கினதே கிடையாது. மேலாப்புல இருக்கிறதை எடுத்து அடிச்சேன், அது பளபளன்னு வந்துது. கையாவது, காலாவது. இவ அதைக் கண்டுபிடிச்சு, துணி மெஷின்ல சுத்தி, ஒரே நாள்ல அதே கலரை எடுத்துட்டா. சொல்லாதன்னு நான்தான் வாயை அடைச்சேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தப்பா திரும்பினார். படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே ஏற்றும் பழைய குரல் வந்துவிட்டது.

"யாரு சிரிச்சது? பன்னெண்டு வருஷம் கலக்காம இருக்கிறதுன்னா சும்மாவா? நீ ஒரு வாரம் கலக்காம இருந்து காட்டுய்யா பாப்போம்."

சிரிப்பு நின்றது. கடிகாரம் பழுதுபார்க்கிறவர் நோட்டை எடுத்து, "ஜாடியை அலமாரியிலயா வெச்சீங்க, தரையிலயா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சித்தப்பா விளக்கமாகவே பதில் சொன்னார்.

டாக்டர்தான் பாவம், உட்கார்ந்துவிட்டார். "பதினேழு அட்டை. ஒவ்வொரு தடவையும் பல்லு ராவுற மெஷினை விட்டுப் பத்து நிமிஷம் கலக்கினேனே."

தபால்காரருடைய கை கன்னத்துக்குப் போனது. போன வாரம்தான் அவருக்குக் கடைவாய்ப் பல் அடைத்தது. "எந்த மெஷினை?"

"நுனி வேறய்யா," என்றார் டாக்டர்.

ஓட்டெடுப்புக்கு வந்தார்கள். பதின்மூன்று கை உயர்ந்தது. டாக்டரும் தூக்கினார், பாதி உயரத்துக்கு. "ஒரு நிபந்தனை. பன்னெண்டு வருஷம் காத்திருக்க எனக்கு வயசில்ல. அந்தத் துணி மெஷின் இங்க வரணும்."

"அது என் பொண்டாட்டியோடது," என்றார் சித்தப்பா. "அவளைக் கேக்கணும்."

"நீங்க கேக்க வேணாம். நான் கேக்கறேன்," என்று அவள் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிறபடி மேசையில் வைத்தாள். சித்தி முழுவதையும் கேட்டாள்.

"மெஷினைத் தனியா விட மாட்டேன். அது ஓடிடும். மேல உக்கார ஆள் வேணும், அது நான்தான். உங்க கிளப்புல மெம்பர்தான் தொடலாம்னா, எனக்கும் ஒரு பாரம் எடுத்து வெக்கச் சொல்லு."

தபால்காரர் கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே அலமாரியைத் திறந்து இன்னொரு பாரம் தேடினார்.