களைக்கு ஊற்றிய வினிகர்

விடிய விடிய முயல் சுட்டுவிட்டு வந்த பெவனுக்கு பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. ஒடாகோ மலைப் பண்ணைகளில் கூலிக்கு முயல் ஒழிப்பதுதான் அவன் பிழைப்பு. ரைஃபிளின் சத்தத்தை அடக்கும் சைலன்சருக்குள் தோட்டா ஈயம் அப்பி, கல் மாதிரி கனத்தது. சாயங்காலம் மறுபடி வேலை இருக்கிறது.

வழக்கமாக கையுறை போட்டு, உள்ளே இருக்கும் எஃகு வட்டுகளை நாள்கணக்கில் எண்ணெயில் ஊறப்போட்டு, தூசி பறக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பான். இன்றைக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. கூட்டாளி ட்ரெவருக்குப் போன் பண்ணினான்.

“வினிகரையும் பெராக்சைடையும் கலந்து போடுடா. பளபளன்னு ஆயிடும்.”

“அது விஷம்னு சொல்றாங்களேடா?”

“உன்னைக் குடிக்கவா சொன்னேன்?”

ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் கலந்து போட்டான். அந்த வீட்டில் ஆணி, நாய்ச்சோறு, மிச்ச சூப் எல்லாமே ஐஸ்கிரீம் டப்பாவில்தான். ஈயம் கரைந்ததும் வட்டுகளை மட்டும் இடுக்கியால் எடுத்தான். மிச்சத் தண்ணீரை எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்துவிட்டுப் போய் விழுந்தான்.

மத்தியானம் எழுந்து வந்தால், டப்பா கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

“நோயலீன், இதுல இருந்தது எங்க?”

“வினிகர் வாடை அடிச்சுது. ஊறுகாய் போட்ட மிச்சம்னு நெனச்சேன்” என்றாள் மனைவி. “எப்பவும் போல களை கருகட்டும்னு ஊத்திட்டேன். கோழிக்கூண்டு ஓரத்துல.”

பெவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

“அதுல ஈயம் கரைஞ்சிருக்கு. கோழி கொத்துச்சுன்னா முட்டைல ஏறும்.”

“நம்ம பொண்ணு கர்ஸ்டன் இன்னிக்கு முட்டை எடுக்க வர்றாளே! வயித்துல புள்ளையோட!” நோயலீன் குரல் உடைந்தது. “டப்பா மேல ரெண்டு எழுத்து எழுதினா கை தேஞ்சுடுமா உனக்கு?”

“நீ மொதல்ல கையை சோப்புப் போட்டுக் கழுவு.”

இரண்டு பேரும் வெளியே ஓடினார்கள். ஈர மண்ணைக் கோழிகள் சுகமாகக் கிளறிக்கொண்டிருந்தன. எது எவ்வளவு கொத்தியது என்று யாருக்குத் தெரியும்? நோயலீன் திட்டிக்கொண்டே அவற்றை நாய்க் கொட்டகைக்குள் அடைத்தாள்.

பெவன் சாயங்கால வேலைக்கு வரவில்லை என்று பண்ணைக்குப் போனில் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தான். நனைந்த மண்ணைத் தோண்டி வாளியில் போட்டு மூடினான். குப்பையில் போட முடியாது, ஊராட்சியின் விஷக்கழிவுக் கிடங்குக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இடுப்பு விட்டுப்போயிற்று.

காலி முட்டை அட்டையோடு மகள் காரில் வந்து இறங்கினாள். கட்டிக்கொள்ள வந்தவளைக் கை காட்டி நிறுத்தினான்.

“கிட்ட வராதம்மா. சட்டையெல்லாம் ஈயம்.” நடந்ததைச் சொன்னான். “இனிமே இந்தக் கோழி முட்டை உனக்கு வேண்டாம். எங்களுக்கும்தான்.”

“கோழிங்க?”

“இருந்துட்டுப் போகட்டும். உங்கம்மா எல்லாத்துக்கும் பேரு வெச்சிருக்கா.”

கர்ஸ்டன் காலி அட்டையைத் திரும்பக் காருக்குள் வைத்தாள். “அது சரி, நீங்க ரத்தத்துல ஈயம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணி எவ்வளவு நாளாச்சு?”

பெவனுக்கு ஞாபகம் வரவில்லை.

“திங்கக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன். அம்மாவும் வரட்டும். குளிச்சுட்டு, துவைச்ச சட்டை போட்டுட்டு வாங்க. இல்லேன்னா டிக்கிலதான் உக்காரணும்.”

அவனுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. “சரிம்மா” என்றான்.