விட்ட கேள்விகள்

ஜூன் 9, ஞாயிறு.

புதன்கிழமைப் பக்கத்தில் ‘அப்பாவிடம் சொல்லியாயிற்று’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டிருக்கிறேன். அது தவறு. பாதிதான் சொன்னேன். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஒருவருடைய வலது கண்ணை மட்டும் பார்த்துவிட்டு, இரண்டையும் பார்த்ததாகச் சீட்டில் எழுதினால் எப்படியோ அப்படி. பழைய பக்கத்தை அடிக்கவில்லை. அடித்தால் அசிங்கமாகிவிடும். இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன். எழுதி முடிக்கும்போது எனக்கே கொஞ்சம் தெளியலாம். தெளியாமலும் போகலாம்.

அப்பா கணக்கு வாத்தியார். முப்பது வருடமாக ஒரே பள்ளிக்கூடம். போன வருடம் பள்ளிக்குப் புதிய முதல்வர் வந்ததும், எல்லா ஆசிரியர்களும் கணினியில் ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்றார்கள். மூன்று வாய்ப்பு. தேறாதவர்கள் வகுப்பெடுக்க முடியாது. இளம் ஆசிரியர்கள் டீ குடித்துக்கொண்டே எழுதிவிட்டு வந்தார்கள். அப்பா இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் நேரம் போதவில்லை. கடினமான கணக்கில் மாட்டிக்கொண்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். “பசங்களுக்கு ஆயிரம் தடவை சொல்லிருக்கேன், தெரிஞ்சத முதல்ல போடு, தெரியாதத விட்டுட்டுப் போ, கடைசில வந்து பாத்துக்கலாம்னு. என் பாடத்த நானே மறந்துட்டேன் பாரு” என்று தலையில் தட்டிக்கொண்டார். மூன்றாவது முறை அப்படித்தான் எழுதப் போவதாக அம்மாவிடம் சொன்னார். அம்மா, “எப்படியாவது எழுதித் தொலைங்க” என்றாள்.

தேர்வு நடக்கும் மையம் நான் மாலை வகுப்பு படிக்கும் அதே பயிற்சி நிலையம்தான். கடை மூடியதும் அங்கே போய்க் கணக்குப்பதிவு கற்றுக்கொள்கிறேன். நாற்காலி போடுவது, காகிதம் கொடுப்பது மாதிரியான வேலைகளுக்கு எங்கள் மிஸ் என்னைத்தான் கூப்பிடுவார். நான் ஒன்றைச் செய்தால் மூன்று முறை சரிபார்ப்பேன் என்பதால் இருக்கலாம். புத்திசாலி என்பதால் இல்லை.

செவ்வாயன்று மிஸ் வகுப்பில் சொன்னார்: ஆசிரியர் தேர்வு இந்த மாதத்திலிருந்து மாறிவிட்டது. ஒரு கேள்விக்கு நாம் தரும் பதிலைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வியை இயந்திரம் தீர்மானிக்கும். அதனால் திரும்பிப் போக முடியாது. ‘அடுத்தது’ என்ற பொத்தானை அழுத்திவிட்டால் விட்டது விட்டதுதான். “குரூப்ல போட்ருக்கேன். உங்கப்பா குரூப்பெல்லாம் பாக்க மாட்டாரு. நீ மறக்காம சொல்லிடு” என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

புதன் மாலை அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டையை வேறு யாரும் தொடக் கூடாது. கழுத்துப் பட்டியை மடித்து, திருப்பி, மறுபடி மடித்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, “அப்பா, டெஸ்ட்ல ஒரு விஷயம் மாத்தியிருக்காங்களாம். கேள்விய விட்டுட்டுப் போறது பத்தி...” என்று ஆரம்பித்தேன்.

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “முப்பது வருஷமா பரீட்சை வச்சவனுக்கு நீ பரீட்சை எழுதக் கத்துக்குடுக்கறியா? எட்டாவதுல முதல் தாள் யாருக்குக் குடுத்தேன், ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இல்லாமல் போகுமா? அப்பாவின் வகுப்பில் முதல் தாள் வாங்குவதுதான் கேவலம். திருத்திய விடைத்தாள்களைக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து அடுக்கிக்கொண்டு வருவார். தாள்கட்டை மேசையில் வைத்து, மேலே இருப்பதை எடுத்து, பெயரைப் படிப்பதற்கு முன் ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சில் வகுப்பே செத்துவிடும். பெயர் தள்ளிப் போகப் போக ஒவ்வொருவருக்காக உயிர் திரும்பும். முதல் தாளுக்குரியவர் எழுந்து போய் வாங்கி, கடைசித் தாள் கொடுத்து முடியும்வரை கரும்பலகைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எட்டாம் வகுப்பு அரையாண்டில் நான் நின்றேன். தாளின் மூலையில் சிவப்புப் பென்சிலில் வட்டம் போட்டு உள்ளே மதிப்பெண் எழுதியிருந்தார். அதை எல்லோரும் பார்க்கும்படி நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்க வேண்டும். அன்று சாப்பிடும்போது, “மகள்னு பாத்தேனா? பாக்கலையே! அதான் நேர்மை” என்று அம்மாவிடம் சொன்னார். அவருக்கு அன்று நல்ல பசி.

புதன்கிழமை நான் பாதியில் நிறுத்தியதற்கு அதுதான் காரணமா என்று நான்கு நாட்களாக யோசிக்கிறேன். பயம் என்று எழுதலாம். ரோஷம் என்று எழுதலாம். இரண்டுக்கும் அடியில் வேறு ஏதோ இருந்தது. சட்டையை மாட்டியில் தொங்கவிட்டு, அது சுருங்காமல் இருக்கிறதா என்று அவர் ஒதுங்கி நின்று பார்த்தபோது எனக்குள் இனித்தது. அதற்குப் பெயர் தெரியவில்லை. சமையலறையிலிருந்து அம்மா, “என்னடி சொல்ல வந்தே அவர்கிட்ட?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்லம்மா” என்றேன். பிறகு போய் டிக் போட்டேன்.

சனிக்கிழமை தேர்வுக்கு அப்பா அந்தச் சட்டையைத்தான் போட்டு வந்தார். பையில் இரண்டு பேனா, ஒரு பென்சில், அழிப்பான், அடிக்கோல். கணினித் தேர்வுக்கு அடிக்கோல் எதற்கு என்று வாசலில் இருந்தவர் சிரித்தார். அப்பாவுக்கு ஏழாவது இருக்கை. நான் கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, எல்லோருக்கும் கணக்குப் போட்டுப் பார்க்க வெள்ளைத்தாள் கொடுத்துக்கொண்டு வந்தேன். அவரிடம் வந்தபோது திரையில் விதிமுறைப் பக்கம் இருந்தது. திரும்ப முடியாது என்பது அதிலும் இருந்தது, கீழிருந்து மூன்றாவது வரியில். முன்பு இரண்டு முறை படித்த அதே பக்கம் என்று நினைத்துவிட்டார் போல. ‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் தட்டினார். நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மணி இன்னும் அடிக்கவில்லை. பேச அனுமதி இருந்தது. தாளை வைத்துவிட்டு எட்டாவது இருக்கைக்குப் போனேன்.

அதன் பிறகு சுவர் ஓரமாக நின்று பார்த்தேன். அப்பா அழகாக எழுதினார். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கேள்வியைப் படித்து, உதட்டைப் பிதுக்கி, தாளில் ஏதோ குறித்துவிட்டு, ‘அடுத்தது’ அழுத்தினார். பதற்றமே இல்லை. பக்கத்தில் ஓர் இளம் ஆசிரியை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து, பயப்படாதே என்பதுபோல் தலையை ஆட்டினார். நேரம் பாதிகூட ஆகவில்லை, அவருடைய திரையில் கேள்விகள் மறைந்தன. ஒரு சிரித்த முகம் வந்தது. ‘அருமையான முயற்சி! உங்கள் பங்கேற்புக்கு நன்றி.’

அப்பா கையைத் தூக்கினார். வகுப்பில் பையன்கள் தூக்குவதுபோல், முழங்கையை நீட்டி.

“மிஸ், எனக்கு இன்னும் முடியல. இது தானா நின்னுடுச்சு.”

மிஸ் வந்து குனிந்து பார்த்தார். “இல்ல சார், முடிஞ்சிடுச்சு.”

“நேரம் இருக்கே? நான் விட்டதெல்லாம் இனிமேதான் போடணும். இங்க குறிச்சு வச்சிருக்கேன் பாருங்க.”

தாளில் இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எண்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம். இரண்டு கேள்விகளுக்குப் பக்கத்தில் விடைக்கான வழியைக்கூடச் சுருக்கமாக எழுதிவைத்திருந்தார். மிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பென்சில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“விட்டா திரும்ப வராது சார். சொல்லிருப்பாங்களே” என்றார் மிஸ், மெதுவாக.

“யாரு?” என்றார் அப்பா.

அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். மற்றவர்களும் எழுதி முடித்தபோது மாலை வகுப்புக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சுவர்த் திரையில் இருக்கை எண்கள் தெரியும். தேறியவை பச்சை, மற்றவை ஆரஞ்சு. சிவப்பு வைப்பதில்லை, மனம் புண்படுமாம். ஏழு மட்டும்தான் ஆரஞ்சு. பச்சைகளுக்கு நடுவே அது பார்க்க வடிவாகக்கூட இருந்தது.

முட்டை உள்ளே வந்தான். என்னோடு படிக்கிறான், பகலில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகிறான். பள்ளியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவன். கணக்கில் பூஜ்யம் எடுத்ததற்கு அப்பா வைத்த பெயர் அது. வகுப்பு மொத்தமும் பிடித்துக்கொண்டது, பிறகு தெரு, பிறகு அவன் வீடு. இன்றைக்கும் அவன் அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள். நிலையத்தில் மாதத் தேர்வுகளில் அவன்தான் முதலில் வருவான். கட்டைவிரலால் தட்டித் தட்டியே பழகியவன்.

திரையைப் பார்த்தான். ஏழாவது இருக்கையைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி, “யாரு சார் இன்னிக்கு முதல் தாள்?” என்றான்.

அந்தப் பள்ளியில் படித்தவர்கள் ஐந்தாறு பேர் அங்கே இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து இருக்கை ஆசிரியை, புரியாமலே கூடச் சிரித்தாள்.

அப்பா எழுந்து நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு அவனை நன்றாகப் பார்த்தார்.

“யாருப்பா நீ?”

“தெரியலையா சார்? நான்தான் சார், முட்டை. நீங்க வச்ச பேரு.”

“எந்த வருஷம்?”

அவன் சொன்னான். அப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நடிப்பு அவருக்கு வராது. “ஞாபகம் இல்லப்பா. வருஷத்துக்கு நாலு பேருக்குப் போடுவேன். எல்லாத்துக்கும் அதே பேருதான்” என்றார்.

முட்டையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, எடுக்க மறந்ததுபோல். நிறைய நாட்கள் அந்தக் கேள்வியைச் சேர்த்துவைத்திருப்பான். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை ஹெல்மெட்டை மடியிலேயே வைத்திருந்தான்.

இன்று காலை பள்ளி முதல்வர் தொலைபேசினார். அப்பாவுக்கு ஒலிபெருக்கியை அணைக்கத் தெரியாததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். குரலில் தேன்.

“சார், மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. நாங்க இப்ப யாரையுமே ஃபெயில்னு சொல்றதில்ல. குழந்தைங்களையே சொல்றதில்ல, உங்கள சொல்வோமா? உங்களுக்கு ஏத்த பொறுப்பா மாத்திக் குடுக்கறோம், அவ்ளோதான்.”

“எந்த வகுப்புங்க மேடம்?”

“வகுப்பு இல்ல சார். மைதானப் பொறுப்பு. காலைல பஸ் வரும்போது, இடைவேளைல, சாயங்காலம் பசங்க ஏறும்போது. வரிசை கலையாமப் பாத்துக்கணும். உங்க குரலுக்குப் பசங்க நிப்பாங்க சார்.”

“சரிங்க மேடம்.”

“விசில் மட்டும் நீங்களே கொண்டு வந்துடுங்க சார். இங்க ஸ்டாக் இல்ல.”

“சரிங்க மேடம்” என்றார் மறுபடியும். தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். தேனை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மதியம் சாப்பாட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “விடைத்தாள் திருப்பித் தருவாங்களா? எங்க தப்புன்னு பாக்கணும்.”

“அதெல்லாம் தர மாட்டாங்கப்பா. தாளே கிடையாதே.”

“மறுகூட்டல்?”

“கிடையாது.”

“நான் முதல் தாள் குடுத்தவனுக்கும் தாள் குடுத்தேன்” என்றார். பெருமையாகச் சொன்னாரா, வேறு மாதிரியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, “புதன்கிழமை நீ என்னமோ சொல்ல வந்தியே. என்னது அது?” என்றார்.

அம்மா தண்ணீர்ச் செம்போடு நின்றுவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். ஒரே வரி. அந்த வரியை நான் சொன்னால், மூச்சை இழுத்து அவர் பெயரைப் படிப்பதுபோல் இருக்கும் என்று தோன்றியது. சொல்லாமல் விட்டால் அதைவிட மோசம் என்றும் தோன்றியது.

“வெறும் வயித்தோட போகாதீங்கன்னு சொல்ல வந்தேன்பா.”

அப்பா தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். “நல்லாத்தான் சாப்பிட்டுப் போனேன்” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. செம்பை என் பக்கம் வைக்காமல் அப்பா பக்கம் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவரைக் காப்பாற்றப் பொய் சொன்னேனா, என்னையா? இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரியாகத்தான் வருகிறது.

நாளை: காலையில் முதல் வேலையாக விசில் வாங்க வேண்டும். பிளாஸ்டிக்கில் வேண்டும், அப்பாவின் முன்பல் இரண்டும் கட்டிய பல், உலோகத்தைக் கடித்தால் வலிக்கும். கழுத்தில் மாட்டக் கயிறு உள்ளதாகப் பார்க்க வேண்டும். முதல் பஸ் ஏழரைக்கு வருகிறது, அதற்கு முன் வாங்கி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒருமுறை ஊதிப் பார்க்க வேண்டும்.