மொச்சைக்குத் தள்ளிய கட்டை

காய்ந்த மொச்சை வேக அரை நாளாவது ஆகும். அதனால் எங்கள் மலையில் காலையிலேயே சட்டியை வாசல் அடுப்பில் ஏற்றிவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்விடுவோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாரானாலும் எரியும் கட்டையை உள்ளே தள்ளிவிட்டுப் போக வேண்டும். தள்ளியவருக்கு ஒரு கரண்டி குழம்பு உண்டு.

பாஞ்சாலி அத்தை மகனைக் கட்டிக்க மாட்டேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து எங்கள் கட்டையை ஒருவரும் தள்ளவில்லை. பி.ஏ. படித்துவிட்டு மறுத்தவள் நான், தண்டனை அம்மாவுக்கு. சாயங்காலம் வந்து வேகாத மொச்சையைப் பார்த்துவிட்டு, வெறும் சாமைச் சோற்றில் உப்புப் போட்டுத் தின்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீ சும்மா இரு. அவங்க கோவம் ஞாயந்தான்" என்பாள்.

என்ன நியாயம்?

நேற்று திரும்பி வந்தால் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மொச்சை விரலில் நசுங்கியது. அம்மா பூண்டைத் தட்டிப் போட்டுப் புளியைக் கரைத்து ஊற்றும்போது, பாஞ்சாலி அத்தையே கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"இன்னாடி பாக்கற? கட்டையத் தள்ளுனவ நாந்தான். ஊத்து."

"எம்மேல கோவம் போய்டுச்சா அத்தை?"

"அது எப்டிடி போவும்? எம் புள்ளைக்கு இன்னா கொறச்சல்? ஒங்கம்மா வெறுஞ்சோறு துன்றத எத்தினி நாளு பாக்கறது? அதான்."

கிண்ணம் நிறைய ஊற்றினேன்.

"உக்காருங்க அண்ணி, இங்கயே துன்னுட்டுப் போங்க" என்று அம்மா சோற்றைப் போட்டாள்.

அத்தை உட்கார்ந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.