கோழி ஈரல்

எங்கள் தீவில் ஒரே ஒரு கடை. ஓட்வார் முதலாளி, நான் கல்லாவில். ஓட்வாருக்கு ஈரல் நன்றாக வெட்ட வரும், எழுத வராது.

அன்று வாசல் பலகையில் 'ஷுல்லிங்லேவர்' என்று எழுதப் போனார். எங்கள் மொழியில் கோழி ஈரல் என்று அர்த்தம். பலகை ஒடுக்கம். மேல் வரியில் 'ஷுல்லிங்', கீழ் வரியில் 'லேவர்'. வார்த்தை அடுத்த வரிக்குப் போகும்போது நடுவில் ஒரு சின்னக் கோடு போட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கோடு இல்லாமல் பிரித்துப் படித்தால், 'கோழி உயிரோடு இருக்கிறது'.

புயலடித்த நாளிலிருந்து, ஓட்வாரோடு பள்ளியில் படித்த டோர்குன்னின் செல்லக் கோழியைக் காணோம். அதன் பெயரே ஷுல்லிங்தான்.

மதியம் டோர்குன் வைக்கோல் போட்ட மீன் பெட்டியோடு ஓடி வந்தாள்.

"ஓட்வார்! நிஜமாவா? உள்ளதான் இருக்கா?"

"ஃப்ரிட்ஜ்ல இருக்கு. எவ்வளவு வேணும்?"

"ஃப்ரிட்ஜ்லயா? அடப்பாவி, குளிர்ல நடுங்கிடாதா?"

"வெளிய வச்சா நாறிடும்மா. அரைக் கிலோ போதுமா?"

டோர்குன்னின் முகம் வெளுத்தது. ஓட்வார் ஈரல் தட்டைத் தூக்கிக் காட்டினார். அவள் அப்படியே உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"உயிரோட இருக்குன்னுதானடா எழுதியிருக்க!"

ஓட்வார் வாசலுக்குப் போய்ப் பலகையைப் படித்தார். காது வரை சிவந்து திரும்பி வந்தார்.

"ஒரே வார்த்தையாத்தான் நினைச்சேன், டோர்குன். இடம் பத்தல."

"ஒரு கோடு போட இடமில்லையா? ஸ்கூல்லயும் இதே கதைதான் உனக்கு!" என்று அழுதுகொண்டே திட்டினாள்.

அவர் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, "வா, தேடலாம்" என்றார். வாடிக்கையாளர் யாரும் இல்லாததால் நானும் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

தூறலில் கரையோரம் ஒவ்வொரு படகுக் கொட்டிலாகக் குனிந்து பார்த்தோம். கூப்பிட்டுக் கூப்பிட்டு டோர்குன்னுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிறகு ஓட்வாரே "ஷுல்லிங், ஷுல்லிங்" என்று கூப்பிட்டார். ஊரே ஜன்னலில் நின்று சிரித்தது. பாதிரியாரின் கவிழ்த்து வைத்த படகுக்கு அடியில் கையை விட்டவர் திடீரென்று அலறினார்.

"கொத்திடுச்சு! இருக்கு, இருக்கு!"

மெலிந்து, கோபமாக, முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது கோழி.

டோர்குன் அதை வாரி அணைத்தாள். அதே வேகத்தில் ஓட்வாரையும் அணைத்தாள். நடுவில் கோழி கத்தியது. ஓட்வார் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மழையில் விரித்தபடியே நின்றார்.