எட்டெழுத்துக் கடவுச்சொல்

"அந்தப் பெடியன் வீட்டுக்குள்ள வரக்கூடாது," என்றாள் உதயகுமாரி. குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர்தான் இண்டைக்குப் பிரதம விருந்தினர், அம்மா," என்றாள் மகள் மிதுனா.

"இருக்கட்டும். உள்ளுக்கு வேண்டாம். குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு. சங்கத்துச் சனம் முழுக்க வருது. நாளைக்கு ஒஸ்லோ முழுக்கக் கதைக்கும்."

சுவரில் பதாகை தொங்கியது: ‘ஆபிரிக்க இளையோரைத் தகவல் தொழில்நுட்ப வலையமைப்பால் வலுவூட்டுவோம்.’ வாசகம் குலசேகரத்துடையது. அவர் உதயகுமாரியின் கணவர், தமிழ்ச் சங்கத்தின் தலைவர். மண்டபத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்ததால் விழா ஒஸ்லோவின் ஸ்தொவ்னர் பகுதியில் இருக்கும் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டது.

ஒகெல்லோ உகண்டாவின் குலு நகரத்தில் கணினி நிலையம் நடத்துபவர். ஒரு வருடமாக மிதுனா சனிக்கிழமைகளில் இணையம் வழியாக அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். ஒரு பயிற்சிக்காக அவர் இப்போது ஒஸ்லோவுக்கு வந்திருந்தார். நகரசபை அதிகாரி கரோலினா இன்று சரி என்றால் குலுவுக்கு நிரந்தர இணைப்புக் கிடைக்கும். மிதுனா சண்டை பிடித்தால் கிடைக்காது. அது மிதுனாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

குலசேகரம் வழி கண்டுபிடித்தார்.

"நிகழ்ச்சியே வலையமைப்பைப் பற்றினது. அவர் நேர வந்து குந்தினால் பிறகு வலையமைப்பு எதுக்கு? வெளிப்படியில நிண்டு இணையத்தால வரட்டும். கரோலினாவும் மலைவீட்டில இருந்து இணையத்தாலதானே வாறா. ஒருத்தருக்கும் குறை இல்லை."

"தலைவரெண்டால் தலைவர்தான்," என்றார் ஒருவர்.

ஒகெல்லோ படிக்கட்டின் இரண்டாம் தளத்தில் நின்றார். யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றியிருந்தார். அவரைச் சுற்றிச் சங்கத்தாரின் சப்பாத்துகள். கையில் கைபேசி. மூடிய கதவுக்கு அப்பால், பெரிய தொலைக்காட்சியில் அவருடைய முகம் தெரிந்தது.

உதயகுமாரி தொலைக்காட்சிக்குப் பன்னீர் தெளித்தாள். மாலை போட்டாள். திரையில் அவர் நெற்றி இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அவர் அசைந்தபோது பொட்டு காதுக்குப் போனது.

"அவரைக் கொஞ்சம் ஆடாமல் நிக்கச் சொல்லு, பிள்ளை."

படிக்கட்டு விளக்கு ஆள் அசைந்தால்தான் எரியும். அது அணையும்போதெல்லாம் ஒகெல்லோ கையை உயர்த்தி அசைத்தார். உள்ளே இருந்தவர்கள் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கை அசைத்தார்கள்.

"நல்ல பண்பான பெடியன்," என்றாள் உதயகுமாரி.

அப்போது படம் உறைந்தது. ஒகெல்லோவின் வாய் பாதி திறந்தபடி நின்றது. கதவு மெல்லத் தட்டப்பட்டது. கைபேசியின் இணைப்பு விட்டுப்போனதால் அவருக்கு வீட்டு இணையத்தின் கடவுச்சொல் தேவைப்பட்டது.

அறையிலிருந்த பலருக்கும் அந்தச் சொல் தெரியும். மேல்வீட்டுச் சோமாலியக் குடும்பம் தன் இணையத்தைத் திருடுகிறது என்று குலசேகரம் சந்தேகப்பட்டு அதை வைத்திருந்தார். காப்பிலி. ஊரில் கறுப்பின மக்களைக் கேவலமாகச் சொல்லும் பழைய சொல். "அவங்களுக்கு ஒருநாளும் பிடிபடாது," என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருந்தார். மாற்றச் சொல்லி மிதுனா பலமுறை கேட்டிருந்தாள்.

"நீ போய்ச் சொல்லு," என்றார் மகளிடம்.

"நீங்கள் வைச்ச சொல் அப்பா. நீங்களே சொல்லுங்கோ."

திரையின் மூலையில் கரோலினா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். குலசேகரம் கதவை ஒரு சாண் திறந்தார். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏ இரண்டு, பி இரண்டு. ஒகெல்லோ அடித்தார். இணைப்பு வந்தது.

"இதற்கு என்ன அர்த்தம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

குலசேகரம் கதவைச் சாத்தப் போனார்.

"வில்லேஜ்," என்றாள் உதயகுமாரி அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து. "ஆவர் வில்லேஜ். எங்கட ஊர்."

கதவு மூடப்பட்டது.

ஒகெல்லோ பேசினார். இந்த நாளுக்காக மிதுனாவிடம் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தார். "வணக்கம். காப்பிலி ஊர் மக்களுக்கு நன்றி. நீங்கள் எல்லாரும் காப்பிலி." நெஞ்சில் கை வைத்தார். "இன்றைக்கு நானும் காப்பிலி."



"காப்பிலி என்றால்?" என்று நோர்வேஜியனில் கேட்டாள் கரோலினா.

"தலைவருடைய ஊர்," என்றார் ஒகெல்லோ ஆங்கிலத்தில்.

"அழகான பெயர்! வலையமைப்புக்கு அதையே வைக்கலாமே. எங்கள் பக்கம் எல்லாம் தயார். குலசேகரம், நீங்கள் காப்பிலிதானே?"

குலசேகரத்தின் ஊர் யாழ்ப்பாணத்துச் சுழிபுரம். அவர் சங்கத்தாரைப் பார்த்தார். சங்கத்தார் தரையைப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றார் நோர்வேஜியனில். "நான் காப்பிலி."

கரோலினா கை தட்டினாள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

இணைப்புக் கிடைத்துவிட்டது. மிதுனா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். குலுவின் பிள்ளைகள் ஒவ்வொரு காலையும் அந்தச் சொல்லுக்குள் நுழைவார்கள். அவள் எழுந்து ஒரு தட்டில் வடையும் கேசரியும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"எங்கையடி போறாய்?" என்றாள் உதயகுமாரி.

"விருந்தினருக்குச் சாப்பாடு குடுக்க."

திரையில் இப்போது இரண்டு முகங்கள் தெரிந்தன. இருவரும் சப்பாத்துகளுக்கு நடுவே படியில் அமர்ந்தார்கள்.

"மைக் போட்டபடி இருக்கு, பிள்ளை!" என்று உள்ளேயிருந்து ஒருவர் கத்தினார்.

"தெரியும்," என்றாள் மிதுனா திரையிலிருந்து. பிறகு ஒகெல்லோவிடம் அந்தச் சொல்லின் அர்த்தத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். சுருக்கமாக, எதையும் மறைக்காமல்.

ஒகெல்லோ வடையைத் தட்டில் திரும்ப வைத்தார். அசையாமல் இருந்தார். படிக்கட்டு விளக்கு அணைந்தது. இந்தமுறை அவர் கையை உயர்த்தவில்லை.

திரை கறுத்தது. மாலையும் குங்குமமும் மட்டும் இருந்தன. இருட்டிலிருந்து அவருடைய குரல் வந்தது.

"பலவீனமான கடவுச்சொல். எங்களுக்கு வைத்த இப்படி ஒரு சொல் எல்லா மொழியிலும் இருக்கிறது. நாங்கள் முதலில் அதைத்தான் அடித்துப் பார்ப்போம்."

கரோலினா கமராவை நெருங்கினாள். "ஒகெல்லோ இப்போது எங்கே இருக்கிறார்?"

 குலசேகரம் கறுத்த திரையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அசைத்தார். இன்னும் பலமாக அசைத்தார்.

விளக்கு எரியவில்லை.