பால் பாட்டிலில் ஃபோர்க் ஆயில்

ஜானகிராமனின் மோட்டார் சைக்கிள் பிரேக் பிடித்தால் தலையைத் தொங்கப் போட்டுவிடும். வேகத்தடையில் ஏறி இறங்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம். அந்த அடி அவன் மணிக்கட்டில் ஏறி, பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி கவியாவின் இடுப்பில் போய் இறங்கும். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இடது காலில் எண்ணெய் கசிந்து, ரிம் வரைக்கும் வழிந்து, மண்ணோடு சேர்ந்து கறுப்பாக அப்பிக் கிடந்தது. இருபது வருஷத்து வண்டி, அதில் பாதி சொந்த ஊரான கடப்பாக்கத்துக் கடலோர உப்புக் காற்றில் கழிந்தது. விற்றுத் தொலை என்று சொல்லாதவர்கள் இல்லை. அவன் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊரப்பாக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டில், பார்க்கிங் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் போதும், வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை கடப்பாக்கத்தில் அம்மா வீட்டு வாசலில் வைத்து வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தான். எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல், ஃபோர்க் ஆயில், உப்புத்தாள் எல்லாம் வாங்கியாயிற்று. எண்ணெயை அளக்கத்தான் ஒன்றும் இல்லை. மெக்கானிக் ஜோஷ்வாவுக்குப் போன் போட்டான்.

"காலுக்கு நூத்தி அறுவது எம்எல் மச்சான். கூடனா சீலு பிச்சிக்கும், கொறஞ்சா வண்டி குதிக்கும். மெடிக்கல்ல ஒரு பால் பாட்டிலு வாங்கிக்க, அதுல கோடு போட்டுகீது. நாங்கல்லாம் அதான் வச்சிகினு கீறோம்."

மருந்துக் கடைக்காரர் பாட்டிலைக் கவரில் போட்டுக்கொண்டே, "கொழந்த எத்தினி மாசம் சார்?" என்று கேட்டார். ஃபோர்க்குக்கு என்று சொல்ல ஜானகிராமனுக்கு வாய் வரவில்லை. "சின்னதுதான்" என்று எதையோ உளறிவிட்டு வந்தான்.

கவியா அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டம்ளர்ல கோடு போட்டா ஆவாதா?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஊசி, மாத்திரை, ஸ்கேன், ஆபரேஷன் என்று அவள் உடம்பு படாத பாடு பட்டுவிட்டது. போன வருஷம் ஒரு நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அழுதார்கள்தான். ஆனால் அதற்குப் பிறகு கவியா நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். இந்த விஷயம் அம்மா எல்லம்மாளுக்கு மட்டும் தெரியாது. ஒவ்வொரு தடவை போகும்போதும் அவள் ஒரு புதுக் கஷாயம், ஒரு புது மந்திரித்த கயிறு தயாராக வைத்திருப்பாள். கவியா வாய் பேசாமல் குடிப்பாள், கையை நீட்டிக் கட்டிக்கொள்வாள். சொல்லவேண்டியவன் ஜானகிராமன். அவனோ 'அடுத்த தடவை' என்று நழுவிக்கொண்டே இருந்தான். ஃபோர்க்கையே தைரியமாகப் பிரிக்கிறவனுக்கு அம்மாவிடம் நாலு வார்த்தை பேசத் துப்பில்லை.

"இந்த வாரம் நீ சொல்லிடு. இல்லன்னா கடப்பாக்கத்துக்கு நா வர்றது இதான் கடைசி" என்றாள் கவியா. சொன்னால் செய்கிறவள் என்பது அவனுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை இட்லியைத் தின்றுவிட்டு வேலையில் இறங்கினான். எஞ்சினுக்கு அடியில் கருங்கல்லை முட்டுக் கொடுத்து முன் சக்கரத்தைக் கழற்றினான். ஃபோர்க் கால்கள் இரண்டையும் உருவி எடுத்துக் கவிழ்த்தான். உள்ளேயிருந்து வந்ததை எண்ணெய் என்று சொல்ல முடியாது, சாக்கடைத் தண்ணீர் மாதிரி இருந்தது. குழாயில் உப்பு அரித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினான். பழைய சீலை நெம்பி எடுத்துவிட்டு, புதுசை வைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் பைப் துண்டை நிறுத்திப் பதமாகத் தட்டி இறக்கினான். இது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

"ஆயில் டப்பாவ எடுத்தாம்மா, கவியா பையில கீது" என்று வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தான். அது அவன் செய்த தப்பு.

எல்லம்மாள் வெகு நேரம் கழித்து வெளியே வந்தாள். கையில் எண்ணெய் டப்பா மட்டும்தான் இருந்தது. முகம் வேறு மாதிரி இருந்தது. அவன் தலை நிமிராமல் சீலுக்கு மேல் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எத்தினி மாசம்டா ஆவுது?"

"மூணு மாசம் ஆச்சும்மா. மொதல்ல ஒண்ணும் தெரில."

"மூணு மாசமா! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல உனுக்கு?"

"உங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

"யாராண்ட காட்னீங்க?"

"ஜோஷ்வாவாண்ட. பயப்பட ஒண்ணுமில்லன்னான்."

"கைராசிக்காரனா?"

"அவன் கையில எத்தினியோ சரியாயிகீது."

"அடப்பாவி, இந்த ஆட்டத்துல அவள வச்சிகினு வந்தியேடா!"

"அதுக்குத்தாம்மா இன்னிக்கே வேலய முடிக்கிறேன்" என்றான் அந்த மடையன். எல்லம்மாள் வீட்டுக்குள் ஒரு நடை போய்விட்டு வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தாள். எதிர்வீட்டுக்காரி பெயர் வேண்டா, எல்லம்மாளின் சின்ன வயசுச் சிநேகிதி.

கொஞ்ச நேரத்தில் கவியா வாசலுக்கு வந்து நின்றாள். கையில் பால் பாட்டில்.

"நா குனியக்கூடாதாம், தண்ணி தூக்கக்கூடாதாம். ஃபேனுக்கு நேரா சேர் போட்டு ஒக்கார வச்சிட்டுப் போயிருக்காங்க" என்றாள். "இத சாமி படத்துக்கு முன்னாடி வச்சிருந்தாங்க."

ஜானகிராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் சொன்ன பதில் ஒவ்வொன்றும் திரும்ப வந்து செவிட்டில் அறைந்தது. கவியாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பாட்டிலை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லம்மாள் மடி நிறைய மாங்காயோடு திரும்பி வந்தாள். "வேண்டா குடுத்துச்சு. வாயிக்கு நல்லாருக்கும்னு சொல்லுச்சு" என்றாள். அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவன் பார்த்தே வெகு காலமாகிவிட்டது. இப்போதும் நழுவிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கமாக இருந்தது. எண்ணெய் டப்பாவைத் திறந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் பாட்டிலில் சிவப்பு எண்ணெயை நூற்றி அறுபது வரைக்கும் ஊற்றினான்.

"இது இதுக்குத்தாம்மா வாங்கனது. நா வண்டியச் சொன்னேன், நீ அவள நெனச்சிகினு கேட்ட."

அவள் பாட்டிலையே பார்த்தாள்.

"எங்களுக்குக் கொழந்த இல்லம்மா. இனிமேலும் இல்ல. போன வருஷமே வைத்தியத்த நிறுத்திட்டோம். உங்கிட்ட சொல்ல எனுக்குத்தான் தெம்பில்ல. அவ மேல தப்பில்ல."

எல்லம்மாள் படியில் உட்கார்ந்தாள். அவன் எண்ணெயை ஃபோர்க் காலில் ஊற்றி, காற்றுப் போகக் குழாயை மேலும் கீழும் இழுத்தான். கைக்கு வேறு வேலை தெரியவில்லை.

"அப்ப நா குடுத்த கஷாயமெல்லாம்?" என்று கேட்டாள்.

"உனுக்காவ குடிச்சா."

"ரொம்ப நொந்துட்டாளா?"

"ரொம்ப."

அவள் எழுந்தாள். மாங்காய்களை மடியில் அள்ளிக்கொண்டு தெருவைத் தாண்டினாள். அவள் குரல் எப்போதுமே பெரிசு, இன்றைக்கு இன்னும் பெரிசாக இருந்தது.

"இந்தா வேண்டா ஒன் மாங்கா. எம் மருமவளுக்கு ஒண்ணும் கெடையாது. நாந்தான் தப்பா புரிஞ்சிகினேன். இனிமேட்டும் கெடையாது. கோயில்லியோ கல்யாணத்துலியோ எவளாவது அவளாண்ட அதக் கேட்டான்னா, மொதல்ல எங்கிட்ட வந்து பேசட்டும்."

பக்கத்து வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரு வருஷமாக அவன் தொண்டையில் சிக்கிக் கிடந்ததை அவள் ஒரு நிமிஷத்தில் ஊருக்கே சொல்லி முடித்துவிட்டாள்.

எல்லம்மாள் திரும்பி வந்தபோது கவியா வாசலில் நின்றிருந்தாள்.

"மாங்கா எங்க அத்த?" என்றாள் கவியா.

"குடுத்துட்டேன்மா. இன்னாத்துக்கு இனிமே?"

"எனுக்கு மாங்கான்னா புடிக்கும்."

எல்லம்மாள் அவள் கன்னத்தை ஒரு தரம் தொட்டாள். பிறகு திரும்பி, மறுபடி வேண்டா வீட்டுக்கு நடந்தாள்.