வெர்லீனின் பள்ளி

மில்வாக்கியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வெர்லீன் தொடங்கிய பள்ளி இன்று மூன்று மாடிக் கட்டடம். கட்டணம் கிடையாது. இடம் கேட்டு வருகிறவர்கள் அதிகம் என்பதால் வருடந்தோறும் குலுக்கல். இந்த வருடக் குலுக்கலில் அவளுடைய கடைக்குட்டி டேரியன் பெயர் வரவில்லை.

முதல்வர் டாலிவரை வேலைக்கு எடுத்ததே அவள்தான். அவரிடமே போய்க் கேட்டாள்.

"இவன் அண்ணன் இங்க படிச்சவன்தானே?"

"படிச்சவன், மிஸ் வெர்லீன். இப்ப படிச்சிட்டிருந்தாதான் தம்பிக்கு முன்னுரிமை. அவன் போன வருஷமே முடிச்சிட்டுப் போயிட்டான். யாருக்கும் சலுகை கூடாதுன்னு விதி எழுதுனதும் நீங்கதான்."

அந்தப் பணிவு அவளுக்குக் கன்னத்தில் அறை விழுந்ததுபோல் இருந்தது.

வாசலில் ரோண்டா நின்றாள். பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை. "அங்க சேர்த்தா பிள்ளை உருப்படாது" என்று வெர்லீன் அந்நாளில் வீடு வீடாகச் சொல்லித்தான் ரோண்டாவின் வகுப்பு பாதி காலியானது.

"உன் பிள்ளைக்கே இடமில்லையாமே? எங்ககிட்ட நிறைய இருக்கு. நீ காலி பண்ணிக் குடுத்ததுதானே."

வெர்லீன் தனக்குள் வருத்தத்தைத் தேடினாள். கோபம்தான் கிடைத்தது. ரோண்டா சொன்னதில் பொய் இல்லை என்பதால் வந்த கோபம்.

"யார் வகுப்பு?"

"என் வகுப்புதான். செப்டம்பர்ல கூட்டிட்டு வா. எங்களப் பத்தி நீ என்ன சொல்லுவேன்னு அவங்கிட்ட நான் கேக்க மாட்டேன். அவனா சொன்னாத்தான் உண்டு."

டேரியன் சொல்லிவிடுவான். சாப்பாட்டு மேசையில் அவன் வேறெதையும் கேட்டு வளரவில்லை.